கடைசிச் சுற்றில் நின்றுபோன அழுகை

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு மே மாதக் கடைசியில், மாமல்லபுரத்தில் நடந்தது இது. அதற்கு முந்தின வருடம்தான் எந்தெந்த தேசத்திலிருந்தோ செஸ் ஆடுகிறவர்கள் அந்த ஊருக்கு வந்துவிட்டுப் போயிருந்தார்கள். அந்தச் சூடு ஆறுவதற்குள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ஓட்டலில் பெரிய ஓப்பன் போட்டி ஒன்றை வைத்தார்கள். எங்கள் வீடு செங்கல்பட்டில். திருக்கழுக்குன்றம் வழியாக பஸ் பிடித்தால் காலையில் போய்விட்டு இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிடலாம். ரூம் எடுத்துத் தங்க வேண்டாம். கைக்குழந்தைக்காரிக்கு இதைவிடத் தோதான போட்டி இனி வரப்போவதில்லை என்று எனக்கும் தெரியும், என் வீட்டுக்காரருக்கும் தெரியும்.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஆறாம் வகுப்பில் பள்ளிக்கூடத்துப் போட்டியில் ஜெயித்து, அப்படியே அதற்குள் விழுந்தவள் நான். அப்பா ரயில்வேயில் இருந்தார். பாஸ் எடுத்து என்னை ஊர் ஊராக அழைத்துப்போவார். நான் உள்ளே ஆடிக்கொண்டிருப்பேன், அவர் வெளியே செய்தித்தாளை விரித்துப் போட்டுப் படுத்திருப்பார். நாக்பூர், புவனேஸ்வர், ஜம்மு என்று எல்லா ஊரையும் நாங்கள் இருவரும் போட்டி நடந்த மண்டபத்தின் வாசலை வைத்துத்தான் ஞாபகம் வைத்திருந்தோம். பெண்களுக்கான இன்டர்நேஷனல் மாஸ்டர் பட்டம் வேண்டுமென்றால் ‘நார்ம்’ என்று சொல்லப்படும் தகுதியை மூன்று பெரிய போட்டிகளில் எட்ட வேண்டும். இரண்டை எட்டிவிட்டேன். மூன்றாவதற்கு முன்னால் அப்பா போய்ச் சேர்ந்தார். என்னை அழைத்துப்போக ஆள் இல்லாமல் போயிற்று. அடுத்து கல்யாணம், அடுத்து குழந்தை.

என் வீட்டுக்காரர் கெட்ட மனிதர் இல்லை. ஒரகடம் பக்கம் கார் கம்பெனியில் ஷிப்ட் வேலை. இந்தப் போட்டியைப் பற்றிச் சொன்னபோது, “சரி, இந்த ஒரு தடவ ஆடிடு. வந்தா வருது, வரலன்னா போவுது. அப்புறம் கொழந்தையப் பாரு, இன்னா?” என்றார். நான் தலையாட்டினேன்.

குழந்தைக்கு அப்போது ஏழு மாதம். பெண். நாங்கள் செய்துகொண்ட ஏற்பாடு இதுதான்: காலேஜ் லீவில் இருந்த என் நாத்தனார் என்னோடு வருவாள், ஓட்டல் வாசல் பக்கம் நிழலில் குழந்தையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஆட்டம் தொடங்குவதற்குள் நான் பால் கொடுத்துவிடுவேன். நடுவில் பசித்தால் என்று கொஞ்சம் பாலைப் பிழிந்து பாட்டிலில் வைத்துவிட்டுப் போவேன். செஸ் ஆட்டம் சில நாள் ஒன்றரை மணியில் முடியும், சில நாள் ஐந்து மணி நேரம் இழுக்கும். ஆட்டம் நடக்கும்போது ஹாலை விட்டு வெளியே போகக் கூடாது. யாராவது வெளியே போய் போனில் பார்த்து ஏமாற்றிவிடுவார்கள் என்பதற்காக அந்த விதி. அது நியாயம்தான்.

இரண்டு வருடம் பலகையைத் தொடாதவள் எப்படி ஆடப்போகிறோமோ என்று பயந்துகொண்டுதான் போனேன். ஆனால் என்னவோ தெரியவில்லை, கை பழைய மாதிரி ஓடியது. குழந்தை தூங்கும்போது சமையலறையில் போனை வைத்துக்கொண்டு பார்த்த ஆட்டங்கள் எல்லாம் எங்கேயோ மனதில் தங்கியிருந்திருக்கின்றன. என்னைவிடப் பெரிய ரேட்டிங் உள்ளவர்களை ஜெயித்தேன், சிலரோடு டிரா செய்தேன். கடைசிச் சுற்றுக்கு முன்னால் கணக்குப் பார்த்தால், டிரா போதும். ஒரே ஒரு டிரா செய்துவிட்டால் மூன்றாவது நார்ம் வந்துவிடும். பட்டம் பெயருக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிடும். அன்று பஸ்ஸில் போகும்போது என் நாத்தனாரிடம், “இன்னிக்கு முடிஞ்சிட்டா ஒனக்கு ஐஸ்க்ரீம்” என்றேன். “ஐஸ்க்ரீம்லாம் பத்தாது அண்ணி, பிரியாணி” என்று சிரித்தாள்.

எதிரில் வந்து உட்கார்ந்தது ஒரு சின்னப் பெண். பன்னிரண்டு வயதுக்கு மேல் இருக்காது. ரெட்டைச் சடை, பள்ளிக்கூட ஸ்போர்ட்ஸ் டீ-ஷர்ட். திருப்போரூர்ப் பக்கத்துப் பெண் என்று ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தேன். போட்டியில் எல்லாரும் அவளைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். பட்டம் வாங்கிய இரண்டு பேரைத் தோற்கடித்திருந்தாள். கை குலுக்கியபோது அவள் கை சில்லென்று இருந்தது. எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. அந்த வயதில் நானும் அப்படித்தான், கால் தரையில் முழுக்கப் பதியாமல் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருப்பேன்.

ஆட்டம் நன்றாகத்தான் போனது. அவள் முட்டி முட்டிப் பார்த்தாள், நான் அடைத்துக்கொண்டே வந்தேன். காய்கள் ஒவ்வொன்றாக வெட்டுப்பட்டு பலகை காலியாகிக்கொண்டிருந்தது. இரண்டரை மணி நேரம் தாண்டியிருக்கும். அப்போதுதான் வெளியிலிருந்து அழுகைச் சத்தம் கேட்டது.

ஏசி ஹால்தான். ஆனால் பக்கவாட்டில் ஒரு கண்ணாடிக் கதவை டீ கொண்டுவருகிறவர்கள் திறந்து மூடிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் உப்புக் காற்றோடு அந்த அழுகையும் உள்ளே வரும். என் குழந்தை. நூறு குழந்தைகள் அழுதாலும் தாய்க்குத் தெரியும். என் உடம்புக்கும் தெரிந்துவிட்டது. மார்பு கல்லாகி, சுடிதார் நனையத் தொடங்கியது. துப்பட்டாவை இழுத்து மூடிக்கொண்டேன்.

எழுந்து போய் நடுவரிடம் மெதுவாகக் கேட்டேன். குழந்தையை இங்கே கதவு வரைக்குமாவது கொண்டுவரச் சொல்லலாமா, உங்கள் கண்முன்னாலேயே பாட்டிலை நான் கொடுக்கிறேன் என்றேன். அவர் தர்மசங்கடமாக நெளிந்தார். “மேடம், எனக்கும் கொழந்தைங்க இருக்கு. ஆனா ஆட்டத்துக்கு நடுவுல வெளி ஆள் யாரையும் உங்ககிட்ட விட முடியாது. நாளைக்கு யாராவது கம்ப்ளெயின்ட் பண்ணா உங்க நார்முக்கே பிரச்சனை” என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. திரும்பி வந்து உட்கார்ந்தேன். என் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

பலகையில் இப்போது ஆளுக்கு ஒரு யானை, அவளுக்கு மட்டும் கூடுதலாக ஒரு சிப்பாய். கேட்பவர்களுக்கு அவள் ஜெயிக்கப்போகிற மாதிரி தெரியும். ஆனால் சரியாக ஆடினால் அது டிராதான். செஸ் கற்றுக்கொள்கிற எல்லோருக்கும் ஆரம்பத்திலேயே சொல்லிக்கொடுப்பார்கள்: நம் ராஜா சிப்பாய்க்கு எதிரில் நிற்க வேண்டும், யானை நம் பக்கத்திலிருந்து மூன்றாவது வரிசையில் காவல் நிற்க வேண்டும், எதிராளியின் சிப்பாய் முன்னேறி வரும்வரை யானை அந்த வரிசையை விட்டு அசையவே கூடாது. அவ்வளவுதான் பாடம். பொறுமை மட்டும்தான் வேண்டும்.

அழுகையை என்னால் தாங்க முடிந்தது. நம்புங்கள், அதைத் தாங்க முடிந்தது. அழட்டும், இன்னும் கொஞ்ச நேரம்தான், ஓடிப்போய் அள்ளிக்கொள்வேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு யானையை அந்த வரிசையிலேயே இடமும் வலமுமாக நகர்த்திக்கொண்டிருந்தேன். தாங்க முடியாமல் போனது அது நின்றபோதுதான்.

கதவு திறந்தது. உள்ளே காற்று மட்டும் வந்தது. மறுபடி திறந்தது. சத்தமே இல்லை.

அத்தனை நேரம் வீறிட்ட குழந்தை ஏன் சட்டென்று அடங்கும்? பாட்டில் பால் புரை ஏறிவிட்டதா? அழுது அழுது மூச்சு அடைத்துவிட்டதா? நாத்தனார் சின்னப் பெண், அவளுக்கு என்ன தெரியும்? எதிரில் இருந்தவளிடம் டிரா கேட்டேன். அவள் பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மெல்லத் தலையை இடவலமாக ஆட்டினாள். ஆட வந்த பிள்ளை ஆடத்தானே செய்யும்.

சீக்கிரம் முடிந்தால் போதும் என்று ஆகிவிட்டது எனக்கு. ஒரு நகர்த்தல் முன்னதாகவே யானையை அந்த வரிசையிலிருந்து எடுத்துவிட்டேன். அவள் ராஜா உள்ளே புகுந்தது. அப்போதும் தப்பிக்க ஒரு வழி இருந்தது. என் ராஜாவைத் தப்பான பக்கம் ஓட்டி அதையும் மூடிக்கொண்டேன். கையை எடுத்த உடனேயே தெரிந்துவிட்டது. அவளுக்கும் தெரிந்துவிட்டது. அவள் காது சிவந்ததைப் பார்த்தேன். மேலே ஆடுவதில் அர்த்தமில்லை. கை நீட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டு, ஆட்டத்தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வெளியே ஓடினேன்.

வாசலுக்குப் பக்கத்தில், சவுக்கு மரத்தடியில் போட்டிருந்த சிமெண்ட் பெஞ்சில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். அவர் மடியில், புடவைத் தலைப்புக்குள், என் குழந்தை. பால் குடித்துவிட்டு அப்படியே தூங்கிப்போயிருந்தது. பக்கத்தில் விரித்த துண்டில் அவருடைய சொந்தக் கைக்குழந்தை, ஒரு ஆண் பிள்ளை, காலை உதைத்துக்கொண்டு கிடந்தது. என் நாத்தனார் முகம் வெளிறி எழுந்து நின்றாள்.

“பாட்டிலே வாய்ல வாங்கல அண்ணி. ரொம்ப அழுதுச்சி. எனுக்குக் கையும் ஓடல காலும் ஓடல. இவங்கதான்...” என்று இழுத்தாள்.

அந்தம்மா என்னைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்தார். “தப்பா நெனச்சிக்காதம்மா. புள்ள கத்திகினே கீது, பாத்துகினு சும்மா குந்திகினு இருக்க முடில. எனுக்குத்தான் பால் கீதே, இவனுக்குக் குடுக்கற மாரிதான்னு குடுத்துட்டேன்.”

குழந்தைக்கு ஒன்றுமில்லை என்ற நிம்மதி வந்தது. அது வந்த மறுகணமே, அப்படியானால் எதற்காகத் தோற்றேன் என்ற கேள்வி வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. வாங்கி மடியில் போட்டுக்கொண்டேன். குழந்தை கண்கூடத் திறக்கவில்லை.

“நீ ஜெய்ச்சியாம்மா?” என்று அவர் கேட்டார். நான் இல்லையென்று தலையசைத்தேன். “அட விடு. எம் பொண்ணும் உள்ள ஆடிகினுதான் கீறா. யாரோ பெரிய அக்காவாம், ரொம்ப ஸ்ட்ராங்காம். காலைல நாஸ்தா கூட துண்ணல, பயந்துகினே வந்தா” என்றார்.

அவர் சொல்லி முடிக்கும்போதே கதவைத் தள்ளிக்கொண்டு அந்த ரெட்டைச் சடை ஓடி வந்தது. “ம்மா, வின்னு! வின்னும்மா!” அந்தம்மா இரண்டு கையையும் விரித்துக்கொண்டு எழுந்தார். எழுந்தவர், மகளின் பார்வை என்மேல் பட்டு நின்றதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். விரித்த கைகள் அப்படியே கீழே இறங்கின. “இந்த அக்காவா?” என்று மட்டும் கேட்டார். அந்தப் பெண் தலையாட்டினாள்.

அதுவரை அடக்கி வைத்திருந்தது அப்போதுதான் உடைந்தது. அந்த பெஞ்சிலேயே உட்கார்ந்து அழுதேன். சத்தம் போட்டு அழுதேன். நனைந்த சுடிதாரோடு, தூங்குகிற குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்க, நிறுத்தத் தெரியாமல் அழுதேன். அப்பா இறந்தபோதுகூட நான் அப்படி அழவில்லை. அந்தம்மா என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். அந்தப் பெண் ஒரு அடி தள்ளி நின்று வைத்த கண் வாங்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஜெயித்த சந்தோஷம் துளியும் இல்லை. போகும்போது, “சாரிக்கா” என்றாள். நீ ஏன்மா சாரி சொல்கிறாய் என்று நான் சொல்லியிருக்க வேண்டும்.

பஸ்ஸில் வரும்போது வீட்டுக்காரர் போன் செய்தார். “ஆச்சா?” என்றார். இல்லை என்றேன். “சரி வுடு. பாத்து வாங்க” என்றார். அன்றோடு என் செஸ் முடிந்தது. யாரும் முடித்துவைக்கவில்லை. வீட்டில் ஒருவரும் அதைப் பற்றி எடுத்துப் பேசவும் இல்லை. கொஞ்ச நாளில் ரேட்டிங் பட்டியலில் என் பெயருக்குப் பக்கத்தில், இவர் இப்போது ஆடுவதில்லை என்பதற்கான குறி வந்துவிட்டது. இப்போது சாயங்காலங்களில் நாவலூர்ப் பக்கம் ஒரு அபார்ட்மென்ட்டில் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். யானை எந்த வரிசையில் நிற்க வேண்டும் என்று நானே பாடம் எடுக்கிறேன்.

அந்த நாட்களில் எனக்கு இருந்த ஒரே ஆறுதல் அந்தப் பெண்தான். என்னிடமிருந்து போனது அவளிடம் போய்ச் சேர்ந்தது, அவள் மேலே போவாள், ஒருநாள் பேப்பரில் அவள் போட்டோ வரும், அன்றைக்கு இவளோடு நான் ஆடியிருக்கிறேன் என்று என் மகளிடம் காட்டலாம் என்று நினைத்துக்கொள்வேன். மாதா மாதம் அவளுடைய ரேட்டிங்கைப் பார்ப்பேன். ஒரு கட்டத்துக்கு மேல் அது ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. பரீட்சை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

போன வருடம் குழந்தைக்கு மொட்டை அடித்துக் காது குத்தத் திருப்போரூர் முருகன் கோயிலுக்குப் போயிருந்தோம். குளத்தங்கரைப் பக்கம் கடையில் தொப்பி வாங்கிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல். “ஏம்மா, செஸ்ஸு ஆடற பொண்ணுதான நீ?” திரும்பினால் அந்தம்மா. இடுப்பில் வளர்ந்துவிட்ட மகன். என் மகளின் மொட்டைத் தலையைத் தடவி, “அடியே, நீயா! எம்மாம் பெரிசாய்ட்ட!” என்று கொஞ்சினார். எனக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. முதல் கேள்வியாகப் பாப்பா எப்படி ஆடுகிறாள் என்றுதான் கேட்டேன்.

அவர் முகம் மாறியது. “அவ வுட்டுட்டாம்மா” என்றார்.

என்ன ஆயிற்று, வீட்டில் யாராவது வேண்டாம் என்றார்களா என்று கேட்டேன். அவர் தலையை வேகமாக ஆட்டினார். “ஐயோ, நாங்க ஒண்ணும் சொல்லல. அவங்கப்பா தண்ணி லாரி ஓட்டிகினு வந்து, அந்தத் தூக்கத்தோட அவள பைக்ல இட்டுகினு போவாரு. அம்மாம் ஆசை அவருக்கு. அவதான் வேணாம்னுட்டா. அன்னிக்கு ஒன்ன பாத்துட்டு வந்தா பாரு, வூட்டுக்கு வந்தும் பேசவே இல்ல. அப்பறமேட்டு கேட்டா. அந்த அக்கா எம்மாம் நல்லா ஆடுனாங்க, அவங்களுக்கே இப்டின்னா, நா பெரிசானா எனுக்கும் இப்டித்தானம்மான்னு கேட்டா.” மகனை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, “நா இன்னா சொல்றது, சொல்லு. எனுக்கு ஒண்ணும் சொல்லத் தெரில” என்றார்.

கடைக்காரர் மீதிச் சில்லறையை நீட்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர்தான் வாங்கிக்கொண்டார்.

அவளைப் பார்க்க வேண்டும் என்றேன். வீடு இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. டியூஷன் முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். ரெட்டைச் சடை இல்லை, நெடுநெடுவென்று வளர்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டு எழுந்து நின்றாள். என் மகளுக்கு பிஸ்கட் கொடுத்தாள். பத்தாவது வந்துவிட்டதாம், கணக்கில்தான் எப்போதும் முதல் மார்க்காம். நான் எதையெதையோ சொன்னேன். உன் ஆட்டம் சாதாரண ஆட்டம் இல்லை, எல்லாருக்கும் என்னை மாதிரியே ஆகும் என்று இல்லை, காலம் மாறிவிட்டது, உனக்கு வேண்டுமானால் நானே வந்து சொல்லித்தருகிறேன் என்றேன். எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“நீங்க இப்ப ஆடறீங்களாக்கா?”

பக்கத்தில் வீட்டுக்காரர் பைக் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றிருந்தார். மகள் என் புடவையை இழுத்துக்கொண்டிருந்தாள். நான் பொய் சொல்லியிருக்கலாம். இல்லையம்மா என்றேன்.

தனக்குத் தெரிந்த பதிலையே கேட்டவள்போல அவள் மெல்லத் தலையாட்டிவிட்டு, என் மகளுக்கு இன்னொரு பிஸ்கட்டை எடுக்கக் குனிந்தாள்.

பட்டம் கைநழுவியதை எப்படியோ தாங்கிக்கொண்டு இத்தனை நாள் வாழ்ந்துவிட்டேன். ஆனால் என்னைப் பார்த்துத்தான் ஒரு பெண் பிள்ளை ஆட்டத்தை விட்டாள் என்பதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.